நூறு வயதுக் கரும்பு

கோகிலவாணி சேலத்திலிருந்து பஸ் மாறி பஸ் ஏறி ஆலைக்குத் திரும்பியபோது மணி நாலாகிவிட்டது. கம்ப்யூட்டர் அறைக் கதவைத் தள்ளியதும் கண்ணில் பட்டது ஒரு பச்சை ஸ்டிக்கர். இரும்பு பீரோ போல ஆளுயரத்துக்கு நிற்கும் மெயின்ஃப்ரேமின் நெற்றியில் அதை நடுவாக ஒட்டியிருந்தார்கள். ‘2000-க்குத் தயார். பரிசோதிக்கப்பட்டது’ என்று எழுதி, கீழே சென்னைக் கம்பெனியின் முத்திரையும் அன்றைய தேதியும் போட்டிருந்தது.

“அதுக்குள்ள முடிஞ்சுதுங்களா சார்?” என்று கேட்டாள்.

“முடிஞ்சுதுங்க. மத்தியானமே கெளம்பிட்டாங்க” என்றார் சுவாமிநாதன். அவர்தான் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைமை. ஏதோ காகிதத்தைப் படித்துக்கொண்டே பேசினார். தலையை நிமிர்த்தவில்லை.

கோகிலவாணி கையிலிருந்த பொட்டலத்தை மேஜைமேல் வைத்தாள். பிரிண்டருக்கு ரிப்பன் வாங்கிவரச் சொல்லி, காலை ஒன்பது மணிக்கே அவளை அஸ்தம்பட்டியில் இருக்கும் டீலர் ஆபீசுக்கு அனுப்பியவர் அவர்தான். போய் வந்த களைப்போடு அலமாரியைத் திறந்தாள். உள்ளே பிரிக்காத ரிப்பன் நாலு இருந்தது. பதினைந்து வருஷமாக ரிப்பன் லாரி பார்சலில்தான் வருகிறது. ஆள் போய் வாங்கியதாகச் சரித்திரமே இல்லை. சென்னையிலிருந்து ஆட்கள் மிஷினைச் சோதிக்க வருகிற அன்றைக்குப் பார்த்து என்ன அவசரம்?

அவள் மனம் அப்படித்தான். கடையில் நிறுத்து வாங்கிய தக்காளியை வீட்டுத் தராசில் இன்னொரு முறை நிறுப்பாள். கேஸ் சிலிண்டரை மூடிவிட்டோமா என்று வாசல்வரை போய்த் திரும்பி வருவாள். “ஊட்டுக்குள்ளயே போலீஸ் ஸ்டேசன் வெச்சிருக்கறேன்” என்று அவள் புருஷன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

சந்தேகம் வந்தபிறகு சும்மா இருக்க முடியவில்லை. சுவாமிநாதன் டீ குடிக்க எழுந்து போனதும் பிரிண்டர் அருகில் போனாள். காலையில்தான் புதுக் காகிதப் பெட்டி உடைத்து மாட்டியிருந்தாள். யார் கரும்பை எப்போது வெட்டுவது என்று வரிசை சொல்லும் கட்டிங் ஆர்டர் பட்டியல் முழுசாக ஓடினால் இருநூறு பக்கத்துக்கு மேல் போகும். பிரிண்டர் ஐம்பது நிமிஷம் கத்தும். பெட்டியில் ஏழெட்டுத் தாள்கூடக் குறைந்திருக்கவில்லை. பதிவு நோட்டைப் புரட்டினாள். சோதனை ஆரம்பம் 12.10. முடிவு 12.25.

பதினைந்தே நிமிஷம்!

பரமத்தி வேலூரிலிருந்து ஜேடர்பாளையம் போகும் வழியில் இருந்தது அந்தச் செல்லாண்டியம்மன் சர்க்கரை ஆலை. சுற்றுவட்டாரத்தில் பதினோராயிரம் கரும்புக் காடுகள் அதில் பதிவாகியிருந்தன. யார் கரும்பை எப்போது வெட்டுவது என்பதுதான் அங்கே எல்லாச் சண்டைக்கும் வேர். முந்தி வெட்டியவனுக்குக் கரும்பு நிறை நிற்கும், வெட்டு ஆட்களும் கிடைப்பார்கள். பிந்தியவன் கரும்பு பூ விட்டு, வெயிலில் சுண்டிச் சக்கையாகும். ஒரு காலத்தில் அந்தக் கட்டிங் ஆர்டரைக் கரும்பு ஆபீசர்கள் கையால் எழுதிக் கொடுத்தார்கள். வேண்டியவன், வேண்டாதவன் பார்த்து எழுதினார்கள். விவசாயிகள் மாட்டு வண்டிகளைக் குறுக்கே நிறுத்தி ரோட்டை மறித்த பிறகுதான், எண்பத்து நாலில், பம்பாயில் ஒரு கம்பெனி கழித்துவிட்ட இந்த மிஷினை ஆலை வாங்கியது. நடவுத் தேதியை ஏற்றிவிட்டால், எந்தக் கரும்புக்கு எத்தனை மாதம் ஆயிற்று என்று அதுவே கணக்கிட்டு, முதிர்ந்ததை முதலில் வைத்துப் பட்டியல் அடித்துத் தரும். ‘கம்ப்யூட்டருக்கு மாமன் மச்சான் கிடையாது’ என்று அன்றைய எம்.டி. கேட்டில் போர்டே எழுதி வைத்தார். அந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தவள் கோகிலவாணி. பதினோராயிரம் நடவுத் தேதிகளும் வருஷா வருஷம் அவள் விரல்வழியாகத்தான் மிஷினுக்குள் போயின.

இப்போது அந்த மிஷின் வருஷத்தைக் கடைசி இரண்டு எண்களால் மட்டும் எழுதுகிறது என்றும், தொண்ணூற்றொன்பது போய்ப் பூஜ்யம் வந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றும் பத்திரிகைக்குப் பத்திரிகை எழுதினார்கள். அதைச் சரிபார்க்கத்தான் சென்னைக்காரர்கள் வந்து போனார்கள்.

அடுத்த வாரம் அந்தக் கம்பெனியின் ஆள் சிவபிரகாஷ் அறிக்கை கொடுப்பதற்காக மறுபடி வந்தான். கழுத்தில் டை, பேச்சில் பாதிக்கு மேல் இங்கிலீஷ். எம்.டி. அறையிலிருந்து வெளியே வந்தவனைக் கோகிலவாணி வராந்தாவிலேயே பிடித்துக்கொண்டாள்.

“தம்பி, கட்டிங் ஆர்டர் புரோகிராமைத் திறந்து பாத்தீங்களா?”

“எல்லாமே செக் பண்ணியாச்சு மேடம். ரிப்போர்ட்ல தெளிவா இருக்கு.”

“ரிப்போர்ட்டைக் கேக்கலீங்க. புரோகிராமைத் திறந்து பாத்தீங்களான்னு கேக்கறேன்.”

அவன் பக்கத்தில் நின்ற சுவாமிநாதனைப் பார்த்தான். ஒரு கணம்தான். சுவாமிநாதன் உடனே, “கோகிலவாணி, அந்த சம்பளப் பட்டியல் என்னாச்சுங்க? போய்ப் பாருங்க” என்றார்.

அந்தப் பார்வையைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து எதையோ மூடுகிறார்கள். எதை?

இதில் கரும்பு ஆபீசர் வெங்கடாசலம் வேறு, கேன்டீனில் எல்லாரும் கேட்கச் சொன்னார்: “மிஷின் படுத்துட்டா என்ன இப்ப? நாந்தான் இருக்கறனே. பழையபடி கையில எழுதிக் குடுத்துட்டுப் போறேன்.” சொல்லிவிட்டு, பஜ்ஜியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். நல்ல சிரித்த முகம் அவருக்கு. கோகிலவாணிக்கு அந்தச் சிரிப்பு அன்றைக்குப் பிடிக்கவில்லை. மிஷின் படுக்கவேண்டும் என்று இந்த மனுஷன் சாமிக்கு நேர்ந்திருக்கிறாரோ என்று தோன்றியது.

யாரையும் கேட்டுப் பயனில்லை, தானே ஓட்டிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மிஷினுக்கு வேலை இல்லை. அறைச் சாவி ஏ.சி. மெக்கானிக் யாகப்பனிடம் இருக்கும். சேலத்துக்காரர். சர்ச்சில் காலைப் பூசை முடித்துவிட்டு, ஏ.சி.யைப் பார்க்கப் பதினோரு மணிக்கு வருவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மொபெட்டில் வரும்போது, ரோட்டோரக் காட்டில் செங்கோடன் நின்றுகொண்டிருந்தார். மூன்று ஏக்கர் கரும்பு வைத்திருப்பவர். ஆலை சொல்லும் எதையும் முதல் தடவையில் நம்பமாட்டார். ஆலைக்காரர்களுக்கு அவர் பெயரைக் கேட்டாலே தலைவலி. முளைக்காத இடங்களில் விதைத் துண்டாக வெட்டிய புதுக் கரணை வைத்துக்கொண்டிருந்தவர், அவளைக் கண்டதும் வரப்புக்கு வந்தார்.

“ஏனுங் அம்மிணி, ஞாயித்துக்கெழமையிலுமா வேலை? உங்க மிஷினுக்கு ஏதோ சீக்காமே. பேப்பர்ல போட்டிருக்கறான்.”

“அதெல்லாம் சரி பண்ணியாச்சுங்ணா.”

“யாரு பண்ணுனது? பண்ணுனதை யாரு பாத்தது?” என்றார் செங்கோடன்.

அவளுக்குச் சுருக்கென்றது. “வாரேனுங்ணா” என்று மட்டும் சொல்லி வண்டியைக் கிளப்பினாள்.

யாகப்பன் கதவைத் திறந்துவிட்டார். “மேலதிகாரிக்குத் தெரியுமாம்மா?” என்று கேட்டார்.

“தெரியாதுங்க.”

“நான் ஏ.சி. ஃபில்டர் கழுவ வந்தேன். நீங்க எதுக்கு வந்தீங்கன்னு எனக்குத் தெரியாது” என்று சொல்லிவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு போனார்.

முதலில் எல்லா விவரங்களையும் டேப்பில் நகல் எடுத்துத் தனியே வைத்தாள். ஏதாவது தவறினால் பதினோராயிரம் பேரின் வயிற்றெரிச்சல் என்பது அவளுக்குத் தெரியும். அப்புறம் மிஷினை அணைத்து எழுப்பி, அது தேதி கேட்டதும் 10-01-00 என்று தட்டினாள். ஒரு மறுப்பும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது. கட்டிங் ஆர்டர் புரோகிராமை ஓடவிட்டாள்.

பிரிண்டர் கத்த ஆரம்பித்தது. அவள் பக்கத்திலேயே நின்றாள். எங்கே நிற்கும், எங்கே உளறும் என்று ஒவ்வொரு தாளாகப் பார்த்தாள். நிற்கவில்லை. உளறவில்லை. பெயர், ஊர், சர்வே நம்பர், வரிசை எண் எல்லாம் வழக்கம் போலக் கோடு பிடித்த மாதிரி விழுந்தன. ஐம்பது நிமிஷம் ஓடி, ‘முடிந்தது’ என்று காட்டி நின்றது.

கோகிலவாணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வெட்கமாக இருந்தது. நல்ல மனுஷன் சுவாமிநாதன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அவரைப் போய்த் திருடன் போலப் பார்த்தோமே என்று தன்னையே நொந்துகொண்டாள். காகிதங்களை மடித்துக் குப்பையில் போடலாம் என்று எடுத்தாள். முதல் பக்கத்தின் ஆறாவது வரியில் கண் நின்றது.

செங்கோடன். சர்வே நம்பர் 114.

சற்று முன்னால் பார்த்துவிட்டு வந்த காடு. சாண் உயரம்கூட வராத பயிர். இன்னும் கரணை வைத்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கரும்பை ஜனவரியில் முதல் ஆட்களோடு வெட்டச் சொல்கிறது மிஷின்!

அவசரமாக அடுத்தடுத்த பெயர்களைப் பார்த்தாள். முதல் இரண்டு பக்கங்களும் செப்டம்பரில் நட்டவர்கள். போன மாதம் அவளே ஏற்றிய பதிவுகள். கடைசிப் பக்கத்துக்குத் தாவினாள். அங்கே இருந்தவர்கள் எல்லாம் போன வருஷக் கடைசியிலும் இந்த ஜனவரியிலும் நட்டவர்கள். வெட்டுக்குத் தயாராக, ஆள் மறையும் உயரம் வளர்ந்து நிற்கிற கரும்பெல்லாம் வாலில் கிடந்தது. பட்டியல் தலைகீழாக இருந்தது.

பேனா எடுத்துக் கணக்குப் போட்டாள். பூஜ்யத்திலிருந்து தொண்ணூற்றொன்பதைக் கழித்தால் மைனஸ் வரும். அந்தப் புரோகிராமில் மைனஸ் குறிக்கு இடமே ஒதுக்கவில்லை. குறி உதிர்ந்துபோய் எண் மட்டும் நிற்கும். அப்படிப் பார்த்தால் ஜனவரியில் நட்ட கரும்புக்கு வயது 1188 மாதம். செப்டம்பரில் நட்ட செங்கோடன் கரும்புக்கு 1196 மாதம். கிட்டத்தட்ட நூறு வருஷம். வயது அதிகமானது முதலில் என்று மிஷின் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தது. வயதைப் பட்டியலில் அச்சடிக்கும் வழக்கம் இல்லாததால், பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது.

“யாகப்பண்ணா!” என்று கூப்பிட்டாள். கூப்பிட்டுவிட்டு, அவரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றாள்.

மறுநாள் சுவாமிநாதன் வந்து உட்கார்ந்ததும் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் அவர் முன்னால் வைத்தாள். நேற்றுச் செய்ததை மறைக்காமல் சொன்னாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் இரண்டு தாள்களையும் வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கதவைச் சாத்துங்க” என்றார்.

சாத்தினாள்.

“அன்னைக்கு நாங்களும் இதைத்தான் ஓட்டுனோம். மூணாவது பக்கத்துல நாந்தான் போதும்னு நிறுத்திட்டேன். பாக்கறதுக்கு நல்லா இருந்துது. உள்ள என்ன இருக்குதுன்னு படிச்சுப் பாக்க எனக்கு பயம்.”

“பயம் எதுக்குங்க சார்? தப்பு இருந்தா புரோகிராமைத் திருத்தீட்டாப் போச்சு.”

“திருத்த முடியாதுங்க. நான் எழுதுன புரோகிராம் இல்லை இப்ப. மிஷினுக்குப் புரியறது மட்டுந்தான் உள்ள ஓடுது. மனுசன் படிக்கிற மாதிரி நான் எழுதி வெச்சது டேப்ல இருந்துது. தொண்ணூத்து ரெண்டு மழையில ஏ.சி. பழுதாகி ரெண்டு வாரம் கெடந்துதே, ஞாபகம் இருக்குதா? அப்பப் பூசணம் புடிச்சு ஒட்டுக்காப் போயிருச்சு. இன்னொரு நகல் எடுத்து வெச்சிருக்கோணும். வெக்கலை. ஏழு வருசமா ஒருத்தருகிட்டயும் சொல்லலை.” அவர் குரல் இறங்கியது. “அந்தப் பையன் புரோகிராமைக் குடுங்கன்னு கேட்டான். இல்லைன்னேன். சரி சார், ஓடுதான்னு பாத்து ஸ்டிக்கர் ஒட்டிரலாம்னான். நீங்க இங்க இருந்திருந்தா கடைசி வரைக்கும் ஓட்டச் சொல்லியிருப்பீங்க. அதான் உங்களை ரிப்பனுக்கு அனுப்புனேன். மார்ச்சு மாசம் எனக்கு ரிட்டயர்மென்ட்டு. அதுவரைக்கும் எப்படியாவது தாட்டிரலாம்னு நெனச்சேன்.”

அவளுக்குக் கோபம் வரவேண்டும். வந்தது. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் அது நிற்கவில்லை.

“ஜனவரி இன்னும் வரலீங்க சார்” என்றாள். “மிஷினுக்குக் கழிக்க மட்டுந்தானே தெரியும்? பூஜ்யத்தை அதுக்குக் காட்டாம உட்டுட்டா? எல்லார்த்து வருசத்தையும் பத்துப் பத்தாக் கொறச்சு வெச்சுட்டு, மிஷின் தேதியையும் தொண்ணூறுன்னு மாத்திப் போட்டா கழிவு சரியா வருமுங்களே.”

சுவாமிநாதன் நிமிர்ந்து பார்த்தார். பல வாரங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் வேலை தெரிந்தவனின் களை வந்தது. காகிதத்தை இழுத்து எழுதிப் பார்த்தார்.

“பத்து ஆகாதுங்க. ரெண்டாயிரத்துல பிப்ரவரிக்கு இருபத்தொம்பது நாள். தொண்ணூறுல கெடையாது, அன்னைக்கு மிஷின் தடுமாறிரும். இருபத்தெட்டு வருசம் பின்னால போகோணும். எழுவத்திரண்டு. அந்த வருசமும் பிப்ரவரிக்கு இருபத்தொம்பது. ஜனவரி ஒண்ணு சனிக்கெழமை, அதுவும் அப்படியே ஒத்து வருது.” பென்சிலைக் கீழே வைத்தார். “வருசத்தை மாத்தறதுக்கு ஒரு சின்ன புரோகிராம் நான் எழுதறேன். ஆனா மொதல்ல எம்.டி.கிட்டப் போயி எல்லாத்தையும் சொல்லோணும். நானே சொல்றேன்.”

சொன்னார். எம்.டி. அறையில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு விளக்கம் கேட்கும் மெமோவோடு வெளியே வந்தார். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேராக மிஷினிடம் போய் உட்கார்ந்தார். மூன்று நாளில் எழுதி முடித்தார். இந்த முறை நாலு டேப்பில் நகல் எடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து ஓட்டினார்கள். முதிர்ந்த கரும்பு தலையில், இளங்கரும்பு வாலில். கோகிலவாணி இருநூற்றுச் சொச்சம் பக்கங்களையும் நடவுத் தேதியோடு வைத்து ஒப்பிட்ட பிறகே வீட்டுக்குப் போனாள்.

ஆனால் ஒரு சங்கடம் மிஞ்சியது. விவசாயிகளுக்குக் கொடுக்கும் வெட்டுச் சீட்டில் தேதி 10-01-72 என்றுதான் விழும்.

அதைப் பற்றிப் பேச எம்.டி. கூட்டிய கூட்டத்தில் வெங்கடாசலம், “எழுவத்திரண்டுன்னு போட்ட சீட்டை எவன் நம்புவான்? ரப்பர் ஸ்டாம்பு குத்தி மறச்சுருங்க. இல்லாட்டி ஒரு வருசம் கையில எழுதலாம்” என்றார்.

“மறைக்க வேண்டாமுங்க” என்றாள் கோகிலவாணி. கூட்டத்தில் அவள் வாய் திறப்பது அதுவே முதல்முறை. “மறச்சது ஒரு நாளு தெரிஞ்சா, அப்பறம் நாம சரியாச் சொன்னாக்கூட நம்ப மாட்டாங்க. கூப்பிட்டுச் சொல்லீரலாம்.”

டிசம்பர் முதல் வாரம் எடைமேடைக்குப் பக்கத்துக் களத்தில் பந்தல் போட்டு விவசாயிகளை வரச் சொன்னார்கள். அறுநூறு பேருக்கு மேல் வந்தார்கள். சுவாமிநாதன் எழுந்து தன் தவற்றைச் சொன்னார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பிறகு கோகிலவாணி மைக்கைப் பிடித்து, தலைகீழ்ப் பட்டியலின் முதல் பக்கத்தை வாசித்தாள். ஆறாவது பெயர் வந்ததும் கூட்டம் திரும்பிப் பார்த்தது.

“என்ற கரும்பா?” என்று செங்கோடன் எழுந்தார். “அது இன்னும் காஞ்ச சோகை எலை கூட உரிக்கலையே!”

“மிஷின் கணக்குல அதுக்கு நூறு வயசுங்ணா” என்றாள். பந்தல் அதிரச் சிரித்தார்கள்.

செங்கோடன் சிரிக்கவில்லை. “இருங்க அம்மிணி. இது தப்புன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“உங்க காட்டை என்ற கண்ணுல பாத்திருந்தேன். அதனால தெரிஞ்சுது.”

“அப்ப பாத்தவிங்களுக்குத்தான் தெரியும். மத்தவிங்க காட்டை நீங்க பாக்கலை. ஆனா நாங்க பாத்திருக்கறோம். பக்கத்துக் காட்டுக்காரன் எப்ப நட்டான்னு எங்களுக்குத் தெரியாதா? எல்லார்த்து நடவுத் தேதியையும் அச்சடிச்சுச் செவுத்துல ஒட்டுங்க. நாங்களே பாத்துக்கறோம்.”

“அதெப்படிங்க? அதெல்லாம் ஆபீஸ் ரெக்கார்டு” என்றார் வெங்கடாசலம். செங்கோடன் வாயை மூடுவதற்கு முன்பே சொல்லிவிட்டார். அவ்வளவு வேகமாக அவர் எதற்கும் பதில் சொல்லிக் கோகிலவாணி பார்த்ததில்லை. அவர் முகத்தில் வழக்கமான சிரிப்பைத் தேடினாள். காணோம்.

“ஒட்டலாம்” என்றார் எம்.டி.

சுற்றுச்சுவர் நீளத்துக்கும் ஒட்டினார்கள். ஊர் வாரியாக, சர்வே நம்பர் வாரியாக. ஆலைக்கு வந்தவர்கள் எல்லாம் அங்கே நின்றார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் நின்றவர் படித்துச் சொன்னார். நாலாம் நாளே செங்கோடன் ஒரு தாளில் ஒன்பது சர்வே நம்பர்களை எழுதிக்கொண்டு கம்ப்யூட்டர் அறைக்கே வந்துவிட்டார்.

“இதெல்லாம் சித்திரையில நட்ட காடு. ஊருக்கே தெரியும். இங்க தை மாசம்னு இருக்குது. மூணு மாசம் எப்படிங்க எச்சாச்சு?”

கோகிலவாணி நடவுத் தேதி எழுதி வந்த ஒன்பது பதிவு விண்ணப்பங்களையும் கட்டிலிருந்து உருவினாள். ஒன்பதிலும் ஜனவரி என்றுதான் இருந்தது. ஒரே கையெழுத்து, ஒரே வட்ட முத்திரை. வெங்கடாசலத்தினுடையது. காட்டுக்காரர்களின் பெயர்களைப் படித்த செங்கோடன், “இவரு மாமனாரு. இவரு சகலை. இது மச்சான் ரெண்டு பேரு” என்று விரல் விட்டார். “கம்ப்யூட்டருக்கு மாமன் மச்சான் கெடையாது. சரிதான். கரும்பு ஆபீசருக்கு இருக்குதே.”

அவள் முந்தைய வருஷங்களின் கட்டுகளையும் இறக்கினாள். தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றேழு, தொண்ணூற்றாறு. அதே பெயர்கள், ஒவ்வொரு வருஷமும் பட்டியலின் தலையில். அத்தனையையும் மிஷினுக்குள் தட்டியது அவள் விரல்கள்தான். ரிப்பனைச் சந்தேகப்பட்டாள், காகிதப் பெட்டியைச் சந்தேகப்பட்டாள், பதினைந்து வருஷம் கூட வேலை பார்த்த மனுஷரைச் சந்தேகப்பட்டாள். முத்திரை குத்தி வந்த காகிதத்தை ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. தக்காளியை இரண்டு தரம் நிறுக்கிறவள்!

விசாரணை வைத்தார்கள். வெங்கடாசலம் முதலில் மிஷின்மேல் பழி போட்டுப் பார்த்தார். “அதுக்குத்தான் தேதி கோளாறுன்னு நீங்களே ஊரைக் கூட்டிச் சொன்னீங்களே” என்றார். கோகிலவாணி விண்ணப்பங்களை எம்.டி. மேஜையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். பேனா மையில் எழுதிய தேதிக்கு மிஷின் எப்படிப் பொறுப்பாகும்? பொங்கலுக்கு முன்பே அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். ஒன்பது காடுகளின் தேதியையும் சித்திரைக்கே திருத்தினார்கள்.

ஜனவரி பத்தாம் தேதி பகல் பதினோரு மணிக்குப் பட்டியல் ஓடியது. 10-01-72 என்று தேதியிட்ட முதல் சீட்டு ராமாத்தாள் என்ற விதவைக்குப் போனது. பல வருஷமாக அவள் கரும்பு மாசி கடைசியில் சுண்டிய பிறகுதான் வெட்டுக்கு வரும். “இது பழைய சீட்டு இல்லீங்களே?” என்று மூன்று தடவை கேட்டுவிட்டு வாங்கிப் போனாள். சுவாமிநாதன் பிப்ரவரி இருபத்தொன்பதன்று மிஷின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அது ஒரு தொந்தரவும் செய்யவில்லை. மெமோவுக்கு அவர் எழுதிய பதிலை எம்.டி. கோப்பில் வைத்ததோடு சரி. மார்ச்சில் மாலை போட்டுத்தான் அனுப்பினார்கள். மாலையோடு வந்து நாலு டேப்பும் இருக்கும் இடத்தைக் கோகிலவாணியிடம் இன்னொரு தரம் காட்டிவிட்டுத்தான் போனார்.

ஏப்ரலில் ராமாத்தாள் கம்ப்யூட்டர் அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் செருப்பைக் கழற்றினாள்.

“சாமி, சொல்றதா வேண்டாமான்னு தெரியலை. செங்கோடன் நட்டது புரட்டாசி பொறந்து நாலாம் நாளு. எம்பட காட்டுலருந்துதான் கரணை எடுத்தாங்க. செவுத்துல ஆவணின்னு ஒட்டியிருக்குது.”

கோகிலவாணி விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தாள். செப்டம்பர் இரண்டு. உண்மையில் செப்டம்பர் இருபது. பதினெட்டு நாள் முன்னால்.

மறுநாள் செங்கோடனை வரவழைத்தாள். காகிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்து, “ஏனுங்ணா, இது?” என்று மட்டும் கேட்டாள்.

அவர் பார்த்தார். காது மடல் சிவந்தது. துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எல்லாரும் அப்படித்தானுங்க ரெண்டு வாரம் சேத்துச் சொல்லுவோம்” என்றார் கடைசியில். “ஆலைக்காரன் எப்படியும் நம்மளப் பின்னால தள்ளுவான்னு ஒரு இது.”

“மாத்தீரட்டுங்களா?”

“மாத்துங்க.” எழுந்தவர் கதவுவரை போய் நின்றார். “யாரு வந்து சொன்னது?”

“அதைச் சொல்ல மாட்டேனுங்ணா” என்றாள் கோகிலவாணி. திரையில் செங்கோடனின் பதிவை எடுத்து, இரண்டை அழித்து இருபது என்று தட்டினாள். அவர் போகவில்லை. திரும்பி வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்று, சரியாகத்தான் தட்டுகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.